‘மற்றவை’ என்றொரு ஃபோல்டர்

குற்றாலம் மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஆசிரமம். அதன் குரு குழல்வாய்மொழி அம்மாவுக்கு நாற்பது வயதுதான். சீடர் தாணுமாலயன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இளையவரை ‘அம்மா’ என்று கூப்பிட அவருக்குக் கூச்சமே கிடையாது. மனுஷனுக்கு இருந்ததெல்லாம் பொறாமைதான்.

பௌர்ணமிதோறும் அம்மா பேசுவார். முதல் வரிசைக்கும் முன்னால், லேப்டாப்பும் மைக்குமாக உட்கார்ந்து அதைப் பதிவு செய்வது தாணுமாலயன். அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டதில்லை. காய்ச்சலோடு வந்துகூட உட்கார்ந்திருக்கிறார்.

முழுப் பேச்சையும் அப்படியே இணையத்தில் ஏற்றுவார். பார்ப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போன வருஷம் வந்து சேர்ந்த செண்பகா என்ற பெண்ணோ, அதே பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி, பின்னால் புல்லாங்குழலைச் சேர்த்துப் போட்டாள். ஊரே அதைத்தான் பார்த்தது. தென்காசி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தாணுமாலயனிடமே அதைக் காட்டி, “இந்தம்மா என்னமா பேசுது, பாத்தியளா!” என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பௌர்ணமிக்கு முதல் நாள் மதியம், லேப்டாப்பில் இடமில்லை என்று சிவப்புக் கோடு வந்துவிட்டது. தாணுமாலயன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அம்மா அடுக்களை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, நாளைக்குப் பதிவு பண்ண இடமில்ல. உங்க பழைய பேச்சுல எதை அழிக்க?”

“எது ரொம்ப அடைச்சிக்கிட்டு இருக்கு?”

பெரியது மேலே வருகிற மாதிரி அடுக்கினார். அம்மாவின் பேச்சு எதுவும் மேலே வரவில்லை. ‘மற்றவை’ என்றொரு ஃபோல்டர் வந்தது.

“அது என்னது?”

“ஒண்ணுமில்லம்மா. சும்மா.”

“சும்மா கிடக்கதா இம்புட்டு இடத்தைப் பிடிக்கு? திறங்க.”

திறந்தார். அத்தனையும் செண்பகாவின் வீடியோக்கள். ஒன்று பாக்கியில்லாமல் இறக்கி வைத்திருந்தார். தப்பென்று தோன்றிய இடங்களைத் தனியாக வெட்டி வேறு வைத்திருந்தார்.

அம்மா கீரையைப் புரட்டினார்.

“பொறாமைதாம்மா,” என்றார் தாணுமாலயன், தலையைக் குனிந்துகொண்டே. “வயிறு எரியுது. நான் என்ன செய்ய? நேத்து வந்த பிள்ள அது.”

பிறகு அவரே அந்த ஃபோல்டரை அழித்தார். சிவப்புக் கோடு அப்படியே நின்றது.

“அழிச்சிட்டேனே! பாருங்க, இன்னும் இடமில்லங்கு.”

“அழிச்சது எங்க போச்சு?”

“குப்பைத் தொட்டிக்கு. லேப்டாப்புக்குள்ளயே ஒண்ணு இருக்கும்மா. பின்னால வேணும்னா எடுத்துக்கிடலாம்.”

அம்மா சிரித்துவிட்டார். “ஆஞ்சு கழிச்ச தண்டை மடியிலயே வச்சிக்கிட்டிருந்தா எந்திரிக்க முடியுமா?”

தாணுமாலயன் தொட்டியைத் திறந்தார். நிரந்தரமாக அழிக்கவா என்று லேப்டாப் கேட்டது. அவர் விரல் அசையவில்லை.

“ஒரே ஒரு தப்பை மட்டும் பாத்துருங்கம்மா. நீங்க ‘கோபம் வரட்டும்’னு சொல்லி நிறுத்திட்டு, அப்புறந்தான் மிச்சத்தைச் சொன்னிய. அவ அந்த ‘வரட்டும்’லயே வெட்டிட்டா! அநியாயம்லா?”

“தப்புதான்,” என்றார் அம்மா. “மிச்சம் என்ன சொன்னேன்?”

தாணுமாலயன் யோசித்துப் பார்த்தார். அவருக்கும் அந்த ‘வரட்டும்’ வரைக்குந்தான் ஞாபகம் வந்தது.

“சரி, அது பழசு. போன பௌர்ணமிக்கு என்ன பேசினேன்?”

“சத்தம் நல்லாத் தெளிவா விழுந்திச்சும்மா. கடைசியில மட்டும் காத்து இரைஞ்சிச்சு.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் சுண்டிப் போயிற்று. விரலை அழுத்தினார். தொட்டி காலியானது. சிவப்புக் கோடு சரசரவென்று சுருங்கியது.

“அப்பாடா,” என்றார். “நாளைக்கு நான் பதிவு பண்ணிரலாம்மா. இடம் தாராளமா இருக்கு.”

“லேப்டாப்பைச் செண்பகாகிட்ட குடுத்துருங்க. நாளைக்கு அவ பண்ணட்டும்.”

பாழாய்ப் போன வயிறு மறுபடியும் பற்றிக்கொண்டது. கண்ணில் நீரே வந்துவிட்டது.

“அதான் எல்லாத்தையும் அழிச்சிட்டேனேம்மா! இன்னும் என்ன கோபம்? என் இடத்தைத் தூக்கி அவளுக்குக் குடுக்கியளே!”

அம்மா மடியை உதறிக்கொண்டு எழுந்தார். ஆய்ந்த கீரையை முறத்தில் அள்ளி அவர் கையில் கொடுத்தார்.

“கோபமெல்லாம் இல்ல. மைக்குக்குப் பக்கத்துல இருந்தது மைக்கோட இடம். உங்க இடம் இவ்வளவு வருஷமா காலியாத்தான் கிடக்கு. நாளைக்காவது வந்து உக்காருங்க.”