சேனை வைத்த விரல்

பொதிகை மலையின் அடிவாரத்தில், சிற்றாறு ஒரு பெரும்பாறையைச் சுற்றிக்கொண்டு திரும்பும் இடத்தில் சேந்தனடிகளின் குடில் இருந்தது. எலும்பு முறிவு வைத்தியத்தில் அவரிடம் பாடம் கேட்டு, அவரையே மிஞ்சிவிட்டார் என்று பெயர் பெற்ற மாணாக்கர் ஒருவர் அங்கே உண்டு. வைரம் என்று பெயர். ஆசிரியரைவிட இரண்டு வயது மூத்தவர்.

வைரத்தின் உடல், ஆண் என்றோ பெண் என்றோ அறுதியிட்டுச் சொல்ல இயலாதபடி பிறவியிலேயே அமைந்திருந்தது. சுற்றுவட்டாரம் முழுவதும் அறிந்த செய்தி அது. வைரமும் மறைத்ததில்லை. குடிலுக்கு வந்த முதல் மாதத்தில் ஒரே ஒரு முறை, "இதற்கு மருந்து உண்டா, சுவாமி?" என்று கேட்டார்.

அடிகள் நாடி பிடித்துப் பார்த்தார்.

"பசிக்கிறதா?"

"நன்றாகப் பசிக்கிறது."

"உறக்கம்?"

"படுத்தால் விடிந்துவிடுகிறது."

"அப்படியானால் நோய் எங்கே இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடித்துச் சொல். மருந்து தருகிறேன்" என்று கூறி, இடிப்பதற்கு ஒரு கூடைப் பச்சிலையைக் கொடுத்தார் அடிகள்.

முப்பது ஆண்டுகள் கடந்தன. இடித்த பச்சிலை மலையளவு இருக்கும். தேடச் சொன்ன நோயைத் தேடுவதற்கு வைரத்துக்கு நேரமே கிடைக்கவில்லை.

ஒருமுறை, கட்டுப் பிரிக்க வந்த சிறுமி ஒருத்தி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க அண்ணனா, அக்காவா?" என்று கேட்டாள். பதறிப்போன தாய் அவள் வாயைப் பொத்தினாள்.

"உன் முழங்கையை ஒட்டவைத்த ஆள்" என்றார் வைரம். "எங்கே, மடக்கிக் காட்டு."

இவ்வளவும் நிறைவாயிருந்தும் ஒன்று மட்டும் நிகழ்ந்ததில்லை. அந்நாட்டில் குழந்தை பிறந்தால் நற்குணமுடைய ஒருவரை அழைத்து, இனிப்பு நீரை விரலால் தொட்டு அதன் நாவில் வைக்கச் செய்வார்கள். அதற்குச் சேனை வைத்தல் என்று பெயர். வைத்தவரின் குணமே பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. கால் ஒடிந்தபோது வைரத்தின் கையைத் தேடி ஓடிவந்தவர்கள், பிள்ளை பிறந்தபோது ஒருநாளும் அந்தக் கையைத் தேடி வந்ததில்லை.

ஒரு நாள் முற்பகலில் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. ஆவுடையப்பன் என்ற உழவன் துணியில் சுற்றிய குழந்தையோடு இறங்கினான். பின்னால் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி கோமு இறங்கினாள்.

"புள்ள பொறந்து மூணு நாளாச்சு, வைத்தியரே. மருத்துவச்சி ஆம்பளன்னும் சொல்லல, பொம்பளன்னும் சொல்லல. சேனை வைக்க மாமனைக் கூப்பிட்டேன், இடுப்பு வலின்னுட்டாரு. சித்தப்பாவைக் கூப்பிட்டேன், வயலுக்குப் போயிட்டாரு. மூணு நாளா எங்க ஊர்ல எல்லாருக்கும் தலைக்கு மேல வேலை" என்றான் அவன்.

வைரம் குழந்தையைப் பாயில் கிடத்திப் பொறுமையாகச் சோதித்தார்.

"பால் குடிக்கிறதா?"

"விடவே மாட்டேங்குது" என்றாள் கோமு.

"சிறுநீர் தடையில்லாமல் போகிறதா?"

"என் வேட்டியைப் பாருங்க" என்றான் ஆவுடையப்பன்.

கோமு சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, சிரித்ததற்காக அஞ்சியவள்போல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"குழந்தை நலமாக இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை" என்றார் வைரம்.

"அது சரிதான். ஆனா ஊர்வாய்க்கு நடுவுல வச்சு எப்படி வளக்க? இங்கயே விட்டுட்டுப் போலாம்னுதான் வந்தோம். ஏற்கெனவே நீங்க ஒருத்தர் இருக்கீக. நல்லாத்தானே இருக்கீக?" என்றான் ஆவுடையப்பன்.

கோமு குனிந்து குழந்தையின் துணியை இழுத்துப் போர்த்தினாள். அவளுடைய மார்புச்சேலை பாலால் நனைந்திருந்தது.

வைரம் எழுந்து பின்கட்டுக்குச் சென்றார். அடிகள் தைலம் வடிகட்டிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொல்லிவிட்டு வைரம் கேட்டார்:

"வைத்துக்கொள்ளலாமா, சுவாமி? வெளியே அதன் காதில் என்னென்ன விழும் என்பதை நான் அறிவேன்."

"உன் காதில் விழுந்ததா?"

"விழுந்தது."

"அதிலிருந்து தப்பவே இங்கே வந்தாயோ?"

வைரத்துக்குச் சுருக்கென்றது. "இல்லை. என் தந்தையின் கால் ஒடிந்தது. சரியாகக் கட்டத் தெரிந்தவர் ஊரில் எவரும் இல்லை. கற்றுக்கொள்ள வந்தேன்."

"எப்படி வந்தாய்?"

"பகலில் வந்தேன். கடைத்தெரு வழியாக, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்."

"நான் திருமணத்துக்கு அஞ்சி, கொல்லை வேலியைத் தாண்டி ஓடிவந்தவன். வேட்டி பாதி முள்ளிலேயே நின்றுவிட்டது."

இத்தனை ஆண்டுகளில் அடிகள் வேலியைப் பற்றிச் சொன்னதுண்டு. வேட்டியைப் பற்றிச் சொன்னதில்லை. வைரம் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்.

அடிகள் ஒரு கிண்ணத்தில் பனங்கற்கண்டைக் கரைத்தார். அதை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்கு நடந்தார். வைரம் பின்தொடர்ந்தார்.

கிண்ணத்தைக் கண்டதும் ஆவுடையப்பன் முகம் மலர்ந்து கைகூப்பினான். "சாமியே வைக்கப் போறீகளா? சாமி குணம் அப்படியே வரட்டும்."

"ஓடிவந்தவன் குணம் பிள்ளைக்கு எதற்கு?" என்றார் அடிகள். கிண்ணத்தை வைரத்திடம் நீட்டினார்.

வைரம் வாங்கிக்கொண்டார். எத்தனையோ எலும்புகளை நடுங்காமல் இணைத்த விரல், கிண்ணத்தின் விளிம்பில் வந்து நின்றது.

"இதற்கென்று என்னை இதுவரை எவரும் அழைத்ததில்லை, சுவாமி."

"நீ கேட்டதுண்டா?"

 வைரம் கோமுவின் எதிரே சென்று அமர்ந்தார்.

"அம்மா, என் கையால் வைக்கட்டுமா?"

கோமு அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பாயிலிருந்த குழந்தையை வாரி எடுத்து மடியில் கிடத்திக்கொண்டாள்.

"வைங்க, வைத்தியரே. வச்ச கையோட நாங்க கிளம்புதோம். உச்சி வெயிலுக்கு முந்தி புள்ளைய வீடு கொண்டு சேக்கணும். மாடும் கத்திக்கிட்டுக் கிடக்கும்."

"ஏட்டி, யோசிச்சுப் பேசு!" ஆவுடையப்பன் பதறி எழுந்தான். "யார் வைக்காகளோ அவுக குணம்தான் வரும். நாளைக்கு நம்ம புள்ள இவுகள மாதிரியே ஆயிருச்சுன்னா?" என்று அடிகளின் பக்கம் திரும்பினான். "சாமி, நீங்களாவது சொல்லுங்க."

வைரத்தின் விரல் நீரைத் தொட்டது.  நுனியில் ஒரு துளி திரண்டு நின்றது. குழந்தை வாயைத் திறந்தது.

அடிகள் சொன்னார்: "வைரத்தின் குணம் ஒரு துளியில் வந்துவிடாது, ஆவுடையப்பா. இரண்டாக வைக்கச் சொல்."