செந்நாய் வளர்த்த ராஜா

ரொம்ப காலத்துக்கு முன்னால் வெள்ளிக்குன்றம் என்ற மலைநாட்டை வீரமல்லன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் ஆசை வந்தால் கண்மண் தெரியாது. சாப்பாட்டு விஷயத்தில் அதைவிட மோசம். உச்சிவேளை மணி அடித்தால், போர் நடந்தாலும் சரி, இலை முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

பக்கத்து நாட்டு ராஜா சிறுத்தை வளர்க்கிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து இவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சிறுத்தை என்ன பெரிய சிறுத்தை! கூட்டமாக வந்தால் புலியையே விரட்டுகிற செந்நாய் நம் காட்டில் இருக்கிறதே! ஒன்றைப் பிடித்து வாருங்கள். என் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் உட்காரட்டும்!"

வேட்டைக்காரர்கள் ஒரு பெண் செந்நாயை வலைபோட்டுப் பிடித்து வந்தார்கள். செம்மண் நிற உடம்பு, கறுத்து அடர்ந்த வால். கழுத்தில் தங்கச் சங்கிலி, எதிரே வெள்ளித் தட்டில் ஆட்டுக்கறி. அது தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. மலையையே பார்த்தபடி நின்றது. அந்த நிற்பைப் பார்த்தவர்களுக்கு, இந்த அரண்மனை யாருடையது என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. அமைச்சர் அம்பலவாணர் சபையில் எழுந்தார்.

"அரசே, நெசவாளர் தெருவில் குழந்தைகள் பட்டினி கிடக்கிறார்கள். களஞ்சியத்திலிருந்து கஞ்சி ஊற்றச் சொன்னீர்கள். இன்றுவரை ஊற்றவில்லை."

களஞ்சிய அதிகாரி கொண்டல்ராயன் துள்ளி எழுந்தான். அமைச்சர் பதவிமேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

"பொய், மகாராஜா! குழந்தைகள் தின்று தின்று நடக்க முடியாமல் உருளுகிறார்கள். அமைச்சருக்கு எப்போதும் ஒப்பாரிதான். அவ்வளவு கெட்டிக்காரர் என்றால் இந்தச் செந்நாயைப் பழக்கிச் சாப்பிட வைக்கட்டுமே!"

ராஜாவின் காதில் கடைசிப் பேச்சு மட்டும்தான் ஏறியது.

"அருமையான யோசனை! அமைச்சரே, நாளை சாயங்காலத்துக்குள் இது என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இல்லையென்றால் இதன் தோல் எனக்கு ஆசனம். உம்முடைய பதவி கொண்டல்ராயனுக்கு."

அம்பலவாணர் கொஞ்சநேரம் அந்தச் செந்நாயைப் பார்த்தார். "ஆகட்டும் அரசே. இது எப்படிப்பட்ட வீட்டில் சாப்பிட்டுப் பழகியது என்று முதலில் பார்க்க வேண்டும். விடிந்ததும் தாங்களும் என்னோடு வாருங்கள்."

மறுநாள் காலை இருவரும் மலையில் ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கினார்கள். சற்றைக்கெல்லாம் கீழே புல்வெளியில் செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது. ஒன்று அடிக்க, தூரத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. அடுத்த நிமிஷம் நாலாபுறமும் புதர்கள் அசைந்தன. குரைப்பில்லை, கூச்சலில்லை. பெரிய மிளாமான் ஒன்று விழுந்தது. ராஜாவுக்கு மயிர்க்கூச்செடுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். வேட்டையாடிய பெரியவை எல்லாம் விலகி நின்றன. புதருக்குள்ளிருந்து குட்டிகள் தள்ளாடித் தள்ளாடி ஓடிவந்து தின்ன ஆரம்பித்தன.

"பெரியவை ஏன் நிற்கின்றன?" என்று ராஜா கிசுகிசுத்தான்.

"குட்டிகளின் வயிறு நிறையட்டும் என்றுதான், அரசே. நேற்று நம் செந்நாயின் கண்ணெதிரே தாங்கள் முதல் ஆளாக இலை போட்டு உட்கார்ந்தீர்கள். குட்டிகளுக்கு முன்னால் தின்கிறவன் எல்லாம் ஒரு தலைவனா என்று அது நினைத்திருக்கலாம்."

ராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "என்னைப் பற்றி அது அப்படி நினைப்பதா! இன்று ஊரில் கடைசிக் குழந்தை சாப்பிட்ட பிறகுதான் எனக்கு இலை. அது பார்க்கட்டும்!"

உச்சிவேளை மணி அடித்தது. "எல்லாக் குழந்தைகளும் சாப்பிட்டாயிற்று, மகாராஜா" என்றான் கொண்டல்ராயன்.

"காவலர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவரட்டுமே" என்றார் அமைச்சர்.

போனவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். நெசவாளர் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ராஜாவின் வயிறு சபைக்கே கேட்கும்படி இரைந்தது.

"களஞ்சியத்தைத் திற!"

"சாவி... வீட்டில் இருக்கிறது, மகாராஜா..."

"கதவை உடையுங்கள்!"

உள்ளே கூரைவரை மூட்டைகள். விலை ஏறட்டும் என்று ஒன்றைக்கூட அவிழ்க்காமல் பூட்டி வைத்திருந்தான் கொண்டல்ராயன்.

அரண்மனை முற்றத்தில் அண்டா அண்டாவாகக் கஞ்சி கொதித்தது. ராஜாவே அகப்பையைப் பிடித்தான். பசியில் அவன் கை நடுங்கியது. கஞ்சி வாங்கிய ஒரு சிறுமி அதைப் பார்த்துவிட்டு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இதுவரை அப்படி ஒரு கேள்வியை ராஜா யாரிடமும் கேட்டதில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் கடைசிக் குழந்தையும் சாப்பிட்ட பிறகு செந்நாயின் பக்கத்தில் ராஜாவுக்கு இலை போட்டார்கள். அதன் தட்டிலும் கறி வைத்தார்கள். அது தொடவில்லை. அப்போது மலையிலிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. செந்நாயின் காதுகள் நிமிர்ந்தன. உடம்பெல்லாம் நடுங்கியது.

"அமைச்சரே, காலையில் பார்த்த குட்டிகள்... இதன் குட்டிகளா?"

"இருக்கலாம், அரசே."

ராஜா எழுந்து போய்த் தன் கையாலேயே சங்கிலியைக் கழற்றினான். செந்நாய் அவனைக் கடித்துக் குதறியிருக்கலாம், குதறவில்லை. அவனை ஒருமுறை நேராகப் பார்த்தது. பிறகு சபை நடுவே, ஓடாமல், நடந்து போனது. ஈட்டி ஏந்திய வீரர்கள் யாரும் சொல்லாமலே வழிவிட்டு ஒதுங்கினார்கள். ராஜாவின் கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன.

"அமைச்சர் தோற்றார், மகாராஜா! நாய் சாப்பிடவே இல்லை!" என்று கத்தினான் கொண்டல்ராயன்.

"தோற்றாரா? மணி அடித்ததும் சாப்பாட்டில் வாய் வைக்கிற பிராணி ஒன்று இந்த அரண்மனையில் இருந்தது. ஒரே நாளில் அதற்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்துவிட்டாரே!"

களஞ்சியத்தை அமைச்சரின் பொறுப்பில் விட்டான் ராஜா. கொண்டல்ராயனுக்கு ஒரே ஒரு தண்டனை. தினமும் தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு குழந்தையிடமும் "சாப்பிட்டாயா கண்ணு?" என்று கேட்க வேண்டும். கடைசிக் குழந்தை "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் அவனுக்குச் சோறு.

நெசவாளர் தெருவின் கடைக்கோடி வீட்டுக் குட்டிப் பெண் ஒருத்தி, அவன் தலை தெரிந்ததும் ஒவ்வொரு பருக்கையாக எடுத்து நிதானமாக மெல்லுவாளாம்.

"இன்னும் இல்லை, மாமா!"