போனஸ் நாணயத்தில் வெட்டிய வரி

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி அருணகிரி, தீபாவளிக்கு மேடை போட்டு ஆளுக்கொரு தங்க நாணயத்தைப் போனஸாகக் கொடுத்தார். ஒன்று ஐம்பதாயிரம் ரூபாயாம். கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கில் சொன்னார்: "போனஸும் வருமானம்தான். அதுக்கான வரியை இந்த மாசச் சம்பளத்துல பிடிச்சுக்குவேன்."

பிடித்தால் கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்துவின் பிள்ளைகளுக்குப் புதுத்துணி கிடையாது. அவர் நாணயத்தை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். துணி வெட்டும் பெரிய கத்தரியோடு மேடையேறினார்.

"ஏனுங்க முதலாளி, வரி எவ்வளவுங்க?"

"பத்துல ஒரு பங்கு. சட்டமப்பா, நான் என்ன பண்ணட்டும்?"

"கட்டீர்லாமுங்க. சம்பளத்தைத் தொடாதீங்க. இந்த நாணயத்துலயே பத்துல ஒரு பங்கை வெட்டித் தர்றேன், கவர்மென்ட்டுக்கு அனுப்பிருங்க."

"யோவ் மாஸ்டர், வெட்டாதே!"

கத்தரி அதற்குள் பாய்ந்துவிட்டது. வெளியே மஞ்சள், உள்ளே செக்கச்செவேலெனச் செம்பு.

நாச்சிமுத்து துண்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "வருமானவரி ஆபீசுக்கு இதை நீங்க கொண்டு போறீங்களா, நான் போகட்டுங்களா?"

மாலைக்குள் எல்லோருக்கும் போனஸ் ரொக்கமாக வந்தது. வரியை முதலாளியே கைக்காசில் கட்டினார். நாணயங்களையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தச் செம்புத் துண்டை மட்டும் மாஸ்டர் கொடுக்கவில்லை.