கண்ணாடிக்குத் திருநீறிட்ட பாவாத்தாள்

பூத்தொடுத்து முருகனுக்குத் தொண்டு செய்தவர்கள் உண்டு. விளக்கேற்றியவர்கள் உண்டு. கோயில் வாசலைக் கூட்டிப் பெருக்கியே கரை சேர்ந்தவர்களும் உண்டு. நம் பாவாத்தாள் அம்மையார் செய்த தொண்டு, ஊரார் வீட்டு ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தது. கூலிக்குச் செய்த வேலையில் தொண்டு எங்கே வந்தது என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொங்கு நாட்டில் வேலங்கரடு என்று ஓர் ஊர். ஊருக்குப் பின்னால் ஒரு சிறிய பாறைக் குன்று, அதன் உச்சியில் வேலவர் கோயில். கணவரை இளம் வயதிலேயே இழந்த பாவாத்தாள், தினமும் விடிந்ததும் குன்றேறி வேலவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் பச்சைத் தண்ணீரும் குடிப்பார். பிறகு ஒரு வாளியும் துணிமூட்டையுமாக வேலைக்குக் கிளம்புவார்.

அவருடைய கைமருந்து எளிமையானது. முந்தின நாள் சோற்றிலிருந்து வடித்த நீராகாரத்தை நன்றாகப் புளிக்க வைப்பார். ஜூஸ் கடையில் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல்களை அதில் ஊறப்போட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்வார். எண்ணெய்ப் பிசுக்கு எவ்வளவு ஏறியிருந்தாலும் அந்தப் புளிப்புக்கு விட்டுவிடும். அடுத்ததாக, மெல்லிய துணியில் சலித்த திருநீறு. அதைக் குழைத்து, மூன்று விரலால் கண்ணாடிக்குக் குறுக்கே பட்டையாக இடுவார். "முருகா" என்பார். அப்புறம்தான் வட்டமாகத் தேய்ப்பார். ஈரத்துணியால் துடைத்து, கடைசியாகக் கசக்கிய செய்தித்தாளால் ஓர் ஓட்டு ஓட்டினால், அங்கே கண்ணாடி இருப்பது தெரியாமல் காக்கை வந்து முட்டும். செய்தித்தாளிலும் சாமி படம் போட்ட பக்கம் வந்தால் மடித்துத் தனியே வைத்துவிடுவார். துணி அலசிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டமாட்டார். அந்த வீட்டுச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டுத்தான் போவார்.

திருநீறு ஏது என்றால், அதுவும் கோயிலில் கிடைத்ததுதான். நம் பக்தர்களின் பழக்கம் தெரிந்ததே. குருக்கள் கை நிறையத் தருவார். நெற்றிக்குக் கொஞ்சம் போக மீதியை அருகிலிருக்கும் தூணிலோ, அந்தத் தூணில் நிற்கும் பாவை சிலையின் காலடியிலோ கொட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். சாயங்காலம் அது வாழைப்பழத் தோலோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். பாவாத்தாளுக்கு வயிறு எரியும். அதனால் தூண் தூணாகப் போய் அதை வழித்துத் துணியில் முடிந்துகொள்வார். வேலவர் மேனியில் பட்ட நீறு குப்பைக்குப் போவதைவிட, நாலு வீட்டு ஜன்னலுக்கு நெற்றிப்பட்டையாகப் போகட்டுமே என்பது அவர் எண்ணம்.

ஊர் சும்மா இருக்குமா? "திருநீத்துப் பாவாத்தா வாறா" என்று கேலி பேசினார்கள். கடையில் நீலத் தண்ணீர் பாட்டில் விற்கிற காலத்தில் இந்தம்மா ஊசல் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று சிரித்தார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கோயில் பிரசாதத்தால் ஜன்னல் துடைக்கிறாள், அந்தப் பாவம் நம் வீட்டுக்கு வேண்டாம் என்று யாரோ கிளப்பிவிட, சில வீடுகளின் கதவு அவருக்கு அடைபட்டது. பேச்சு கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியகாரர் காளியண்ணன் காதுக்கும் போனது. நல்ல மனிதர்தான், கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும்.

மறுநாளே தூணருகில் அம்மையாரைப் பிடித்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, கோயில் திருநீற மூட்ட கட்டறீங்க?"

"தூணுல கொட்டிப்போட்டுப் போறாங்கங்க. கூட்டித் தள்றதுக்குள்ளாற எடுத்துக்கறனுங்க."

"எடுத்து?"

பூசிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பாவாத்தாளுக்குப் பொய் வராது.

"ஜன்னல் கண்ணாடிக்குப் பூசித் தொடைக்கறனுங்க."

"சாமி பிரசாதமென்ன, பாத்திரம் வெளக்கற பவுடருங்களா? இனிமே நீங்க சாமி மூஞ்சில முழிக்கப் படாது. போங்க!"

கோபத்தில் நாம் எல்லோரும் சொல்கிற பேச்சுத்தான் அது. மாமியாரும் மருமகளும் காலையில் அப்படிச் சொல்லிக்கொண்டு மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கேட்டது பாவாத்தாள் அல்லவா? கோயில் வாசலில் வந்த சொல் வேலவரின் உத்தரவு என்றே எடுத்துக்கொண்டார். சாமி முகத்தில் விழிக்கக் கூடாது என்றால் விழிக்கக் கூடாதுதான். முடிச்சை அங்கேயே வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்து காலண்டர் முருகனைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். "கோவிச்சுக்காத சாமி. பேச்சுக்குத் தடையில்ல, பார்வதான் கூடாதாமா" என்று அதன் முதுகோடு பேசினார். அன்றிலிருந்து விடியற்காலையில் குன்றின் அடிவாரம் வரை போவார். கண்ணை மூடிக்கொண்டு முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டுத் திரும்பிவிடுவார். மேலே மணியடித்தால் மட்டும் அது ஓயும் வரை நின்று கேட்டுவிட்டுப் போவார். அந்த முகத்தைப் பார்க்காமல் குடித்த தண்ணீர் அவருக்கு இறங்கவே இல்லை. உடம்பு பாதியாக இளைத்தது.

"முருகனோட சண்டையாக்கா?" என்று தெருவில் சீண்டினார்கள்.

"சண்டையில்லீங் கண்ணு. உத்தரவு" என்பார்.

கோயில் திருநீறு கிடைக்காததால் வரட்டியைச் சுட்டுச் சலித்த சாம்பலைக் குழைத்துக்கொண்டார். பட்டை போடுவதையும் "முருகா" என்பதையும் விடவில்லை.

தைப்பூசம் வந்தது. அன்று வேலவர் பல்லக்கில் இறங்கி ஊருக்குள் வருவார். வீதியில் முதல் அர்ச்சனைத் தட்டு, அரிசி ஆலைக்காரர் வீட்டு மரகதத்தினுடையது. பாவாத்தாளைக் கைவிடாத வீடுகளில் அதுவும் ஒன்று. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று காலையிலேயே அவரை வரச்சொல்லியிருந்தார்.

"வெரசா முடிங்கக்கா. சாமி வாறதுக்கு இன்னும் நேரமிருக்குது."

நேரம் இருக்கவில்லை. அம்மையார் வாசல் பக்கம் ஸ்டூலில் ஏறி, புளிநீரால் கழுவிய கடைசிக் கண்ணாடியில் மூன்று விரலால் பட்டை இட்டு முடிக்கவும், திருப்பத்தில் மேளம் கேட்டது. இறங்கி ஓடலாமென்றால் எந்தப் பக்கம் போனாலும் சாமியின் எதிரில்தான் போக வேண்டும். திரும்பினால் முகத்தில் விழித்ததாகிவிடும். ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தெருவுக்கு முதுகைக் காட்டி அப்படியே நின்றுவிட்டார்.

பல்லக்கு வந்து வீட்டைப் பார்க்கத் திரும்பி நின்றது. மரகதம் தட்டோடு ஓடினார். மணியகாரர் காளியண்ணன் கண்ணில் முதலில் பட்டது அந்த முதுகுதான்.

"ஊரே கையெடுத்துக் கும்பிடுது, நீங்க சாமிக்கு முதுகக் காட்டிட்டு நிக்கறீங்களா?"

அம்மையார் திரும்பாமலே சொன்னார்: "நீங்கதானுங்க சாமி மூஞ்சில முழிக்கப் படாதுன்னீங்க."

 காளியண்ணனுக்குத் தான் அப்படிச் சொன்னதே அப்போதுதான் நினைவு வந்தது. இத்தனை மாதமாகவா இந்தம்மா இப்படி இருக்கிறாள்?

அதே சமயம் கற்பூரத்தை உயர்த்திய குருக்கள் பாதியில் நிறுத்தினார். "அடடா, அவசரத்துல சுவாமிக்கு நெத்தியில விபூதி இடாமயே கிளப்பிட்டேனே!" சந்தனக் காப்பில் ஜொலித்த வேலவரின் நெற்றி வெறுமையாக இருந்தது.

பாவாத்தாள் கண்ணைத் திறந்தது அப்போதுதான். எதிரே கண்ணாடி. உள்ளே அறை இருட்டு, வெளியே இளவெயிலில் வேலவர். இத்தனை நாள் பார்க்காத முகம், கையெட்டும் தூரத்தில், நேருக்கு நேராக வந்து நின்றது. அவர் இட்ட மூன்று பட்டையும் சரியாக அந்த நெற்றியில் பொருந்தியிருந்தன. இடம் வலம் ஒரு நூல் பிசகவில்லை. குடையோ கூட்டமோ எதுவும் கண்ணாடியில் தெரியவில்லை, வேலவர் மட்டும்தான் தெரிந்தார் என்று அம்மையார் பின்னால் சொல்வதுண்டு. அதை நம்ப நமக்கு ஒரு தடையும் இல்லை.

"முருகா" என்று ஒரு விம்மல் வந்தது. அழுகையில் உடம்பே குலுங்கியது.

என்னவோ ஏதோ என்று காளியண்ணன் வாசற்படி ஏறி, குதிகாலை உயர்த்தி, அம்மையாரின் தோளருகே முகத்தை வைத்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே கைகூப்பிவிட்டார். "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்காத்தா" என்றார். 

குருக்கள் கீழிருந்தே சொன்னார்: "நீங்க வரக் கூடாதுன்னேள், அந்தம்மா வரலை. அவன் வந்துட்டான். இப்ப யாரைத் தடுக்கப் போறேள்?"

"திரும்புங்காத்தா. திரும்பிப் பாருங்க" என்று கெஞ்சினார் மணியகாரர். பாவாத்தாள் மெல்லத் திரும்பினார். அவர் கண்ணாரப் பார்த்து முடிக்கும் வரை பல்லக்கைத் தூக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஒரு கண்ணாடியை மட்டும் துடைக்காமல் விட்டுவிடும்படி மரகதம் எவ்வளவோ கேட்டுக்கொண்டார். அம்மையார் கேட்கவில்லை. பாதியில் விட்ட வேலையைச் சாமி பார்த்துவிட்டுப் போயிருக்கிறாரே என்ற வெட்கத்தோடு, தேய்த்துத் துடைத்து முடித்துத்தான் ஸ்டூலை விட்டு இறங்கினார்.

தேடிப் போக வழியற்றவரைத் தேடி வந்து நின்ற வேலவரைப் போற்றுவோம். அவர் நெற்றி வெறுமையாக இருக்க விடாத பாவாத்தாள் அம்மையாரை, வேலவர் கோபித்துக்கொள்ளமாட்டார், ஒரு பிடி கூடுதலாகவே போற்றுவோம்.