முன்னால் போய்விட்ட கேரவான்

சங்கரன்கோவிலில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வன்னியப்பன், ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து பார்த்தால், பேச்சிமுத்து சலூனில் அவருடைய மவுசு போயிருந்தது. எல்லோரும் பழைய கண்டக்டர் அய்யாத்துரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குற்றாலத்தில் சிறுத்தையைக் கைதட்டியே விரட்டினாராம். ஒற்றைச் சிறுத்தையை வைத்து ஊரைப் பிடித்துவிட்டானே என்று வன்னியப்பனுக்கு வயிறு எரிந்தது.

“சிறுத்தை கிடக்கட்டும்வே,” என்று ஆரம்பித்தார். “நான் கேரவான் ஓட்டிட்டு வந்திருக்கேன். காருக்குப் பின்னால ஒரு வீட்டையே மாட்டி இழுக்கணும். கட்டிலு, அடுப்பு, குளிக்கிற இடம் எல்லாம் அதுக்குள்ளதான். அடிலெய்டுல கிளம்பி நேரா நடுப் பாலைவனம். கண்ணுக்கெட்டுன மட்டும் செம்மண்ணு.”

“ரோடாவது உண்டா?” என்றார் அய்யாத்துரை.

“ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி ரோடு. ஸ்டீயரிங்கைத் துண்டால கட்டிப்போட்டுட்டு, பின்னால போய்க் குளிச்சிட்டு வந்தேன்.”

“ஓடுற வண்டியிலயா?”

“ஓடுற வண்டியிலதான். தலை துவட்டத்தான் துண்டு இல்லாமப் போச்சு.”

சவரம் செய்துகொண்டிருந்த பேச்சிமுத்துவின் கத்தி வாடிக்கையாளரின் பாதிக் கன்னத்தில் நின்றது. வன்னியப்பனுக்குத் தெம்பு வந்தது.

“அங்க லாரின்னா ரயிலு மாதிரி. பெட்டிக்குப் பின்னால பெட்டி. ஒண்ணை முந்த ஆரம்பிச்சது திங்கக்கிழமை. அதோட மூஞ்சியைப் பாக்க வியாழக்கிழமை ஆயிட்டு.”

“நாலு நாளா எதிர்ல ஒரு வண்டியும் வரலையாக்கும்?”

“செவ்வாக்கிழமை ஒண்ணு வந்துச்சு. லாரிக்கு அடியில நுழைஞ்சு வழி விட்டேன். வெளிய வரும்போது டயர் பஞ்சர். ஜாக்கி கிடையாது. ஒரு கங்காரு வந்து வாலை அடியில குடுத்துத் தூக்கிட்டு, வயித்துப் பையிலருந்து ஸ்பானரை எடுத்து நீட்டுச்சு.”

“கங்காருகிட்ட எப்படி ஓய் ஸ்பானர்?”

“ஹைவேயில புழங்குற கங்காருல்லா.”

இரண்டு பேர் சிரித்தார்கள். அய்யாத்துரை சிரிக்கவில்லை. இன்னும் பெரிதாக ஒன்றைப் போட்டால்தான் ஆள் அடங்குவான் என்று வன்னியப்பனுக்குத் தோன்றியது.

“ஒரு நாள் கண்ணாடியில பாக்கேன், பின்னால கேரவானைக் காணும். கொக்கி கழண்டிருக்கு. உள்ள என் வீட்டுக்காரி உலகம்மா தூங்கிட்டிருக்கா. முந்நூறு மைலு திரும்பிப் போய்த் தேடுனேன். இல்ல. அழுதுகிட்டே அடுத்த ஊருக்குப் போனா, பெட்ரோல் பங்குல கேரவான் நிக்கு. வந்த வேகத்துல அதுபாட்டுக்கு என்னைத் தாண்டி ஓடிருக்கு. இவ டீ போட்டு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா.”

அய்யாத்துரை வாசலைப் பார்த்துப் புன்னகை செய்தார். காய்கறிப் பையோடு உலகம்மாளே தெருவில் வந்துகொண்டிருந்தாள்.

“மதினி, ஒரு நிமிஷம்,” என்று நிறுத்தி, கேரவான் கதையை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். “இது நெசமா?”

கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து ஒரு பொய் வந்து வன்னியப்பன் கேட்டதில்லை. தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உலகம்மாள் பையைக் கைமாற்றிக்கொண்டாள். புருஷனின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

“டீ போட்டேங்கது சுத்தப் பொய்,” என்றாள். “பாலு ஏது? அதை வாங்கத்தானே இவுகளை முந்திக்கிட்டு நான் வண்டியை விரட்டுனேன்.”