செங்கால்குளத்து மீன்கொத்திக்கு வளையம் போட்ட கதை

பனிமூட்டத்துக்குள் எங்கிருந்தோ, துருப்பிடித்த கிணற்று ராட்டினத்தை யாரோ இழுப்பது போல, 'கிர்ர்ர்… கிர்' என்று சத்தம் கேட்டது. வலை தெரியவில்லை, ஏரி தெரியவில்லை, ஒருத்தருக்கு ஒருத்தர்கூடத் தெரியவில்லை.

"விழுந்துருச்சு" என்றார் நல்லதம்பி.

"நானில்லை" என்றார் சொரிமுத்து.

செங்கால்குளம் சரணாலயத்தில் அன்றுதான் வேலை ஆரம்பம். பறவையை மெல்லிய வலையில் பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டி, விட்டுவிட வேண்டும். அது மறுபடி எப்போது, எங்கே கிடைக்கிறது என்று ஒரு வருஷம் எழுதிவர வேண்டும். பறவை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் பூங்கோதை ஒரு வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டார். வேலைக்கு மூன்று பேர்: நல்லதம்பி, குருந்தையா, குருந்தையாவின் மச்சினர் சொரிமுத்து. வருஷக் கடைசியில் மேலதிகாரி ஒப்புக்கொண்டால்தான் அடுத்த வருஷமும் வேலை. இல்லையென்றால் நல்லதம்பிக்குத் திரும்பவும் செங்கல் சூளை. இருபது வருஷம் அந்தப் புகையில் இருமியவர், இங்கே வந்தபிறகுதான் ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் பேசினார்.

வலையில் விழுந்து கத்தியது ஒரு மீன்கொத்தி. உங்களுக்குப் பதட்டம் இருந்தால் பறவைக்கும் வரும், அமைதியான பிறகே தொட வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு. மூவரும் கரையில் மல்லாந்து படுத்தார்கள். குருந்தையாவுக்கு அமைதி மிஞ்சிப்போய்க் குறட்டையே வந்தது. அவர் எழுந்ததும் வளையத்தை மாட்டினார்கள். நோட்டில் வயது என்று ஒரு கட்டம் இருந்தது. பறவையின் முகத்தை உற்றுப் பார்த்து, அதிலிருந்த கவலையைக் கணக்கில் எடுத்து, நாற்பத்திரண்டு என்று எழுதினார்கள்.

விடும்போதுதான் சிக்கல். எங்கே பிடித்தீர்களோ அங்கேயே விடணும், வேறு எங்கும் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"ஏரியில விட்டுருவோம், அத்தான்" என்றார் சொரிமுத்து.

"ஏரியிலயா மாப்ள புடிச்சோம்?" என்றார் குருந்தையா.

"அப்ப கரையில."

"கரையில நாம படுத்தோம். புடிச்சது வலையில."

நல்லதம்பி பறவையைக் கொண்டுபோய், வலையில் கீழிருந்து இரண்டாவது மடிப்பில், தலை மேற்குப் பார்க்க, பழையபடியே வைத்தார். மூவரும் தள்ளி நின்றார்கள்.

"அத்தான், வலையில மீன்கொத்தி" என்றார் சொரிமுத்து.

எடுத்தால், காலில் வளையம். அதே எண். வளையம் போட்டது திரும்பக் கிடைப்பது ஆராய்ச்சிக்கே பெரிய வரம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நல்லதம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து மணிக்கு வலையைச் சுருட்டுவதற்குள் அந்த வரம் முப்பத்தோரு முறை கிடைத்தது.

பறவை களைத்துவிடுமே என்று தடவைக்கு ஓர் அயிரை மீன் கொடுத்தார்கள். வலை சுருட்டியதும் அது பறந்து போகும். மறுநாள் இவர்களுக்கு முன்பே வந்து வலைக் கம்பத்தில் காத்திருக்கும். மழைக்காலத்தில் நாரையும் வாத்தும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. அவற்றையும் பிடிக்கலாமா என்று சொரிமுத்து கேட்டதற்கு, எடுத்த வேலையை முடிக்காமல் அடுத்ததைத் தொடுகிறவன் உருப்படமாட்டான் என்று குருந்தையா அதட்டினார்.

வருஷம் முடிந்து டாக்டரம்மா மேலதிகாரியோடு வந்தபோது, நல்லதம்பி வலையில் ஒட்டியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு பதினேழு நோட்டுகளை நீட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஒரே எண். டாக்டரம்மா படித்தார். நடந்ததைக் கேட்டார். கேட்டபின் கண்ணை மூடிக்கொண்டார். மேலதிகாரி இன்றோடு இதை இழுத்து மூடிவிடலாம் என்றார். நல்லதம்பிக்குச் சூளை இருமல் திரும்ப வந்தது.

"தப்பு என் மேலதான், அண்ணே" என்றார் டாக்டரம்மா. "வலைக்கு வெளியில, ஆகாசத்துல விடணும். அது இஷ்டத்துக்குப் போகட்டும். இப்பவே விடுங்க."

நல்லதம்பி வலையில் கிடந்த பறவையை எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி விட்டார். மீன்கொத்தி நடு ஏரிவரைக்கும் நீலப் புள்ளியாகப் போனது. அங்கே ஒரு வட்டம் அடித்தது. திரும்பி வந்து, எல்லாரையும் தாண்டி, இரண்டாவது மடிப்பில் தானே நுழைந்து, தலையை மேற்கே வைத்துத் தொங்கிக்கொண்டு வாயைத் திறந்தது.

மேலதிகாரி வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். நல்லதம்பி பதினொரு நாள் லீவு. சொரிமுத்து முப்பது. குருந்தையா எத்தனை என்று மேலதிகாரியே வாய்விட்டுச் சொல்ல விரும்பவில்லை. பிறகு நோட்டுகளைப் புரட்டினார்.

"வருஷம் பூரா ஒருநாள்கூட லீவு போடாம, சொன்ன நேரத்துக்கு வந்தது இது ஒண்ணுதான்" என்றார்.

நின்றபடியே உத்தரவு எழுதினார். வேலை இன்னொரு வருஷம் நடக்கலாம். மூன்று பேரும் இருக்கலாம். மேஸ்திரி, மீன்கொத்தி.

மூவரும் யோசித்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. குருந்தையா மட்டும், லீவு வேண்டுமானால் இனி யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்ள விரும்பினார். மேலதிகாரி வலையைக் காட்டினார்.

நல்லதம்பி புது மேஸ்திரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சூளையில் இருந்த மேஸ்திரி மாதிரி இது கத்தவில்லை. அவர் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பாசியைப் பிய்க்க ஆரம்பித்தார்.