கஞ்சி பட்ட சிவப்பு

மழையும் மன்னரும் ஒழுங்காக இருந்த காலம் ஒன்று இருந்தது. இந்தக் கதை அதற்கு அடுத்த காலத்தில் நடந்தது, கேளுங்கள். மன்னர் இறந்தார். அவருடைய பிள்ளைகள் இருவரும் ஒரே சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டார்கள். பாதி நாடு அண்ணன் பக்கம், பாதி நாடு தம்பி பக்கம் என்று சண்டை மூண்டது.

இரண்டு படைக்கும் ஒரே பேச்சு, ஒரே முகம், கும்பிடும் சாமியும் ஒன்று. யாரை வெட்டுவது, யாரை விடுவது என்று எப்படித் தெரியும்? அதனால் அண்ணன் படை சிவப்புத் தலைப்பாகை கட்டியது. தம்பி படை மஞ்சள் கட்டியது.

அண்ணன் படையில் கொற்றன் என்றொரு வீரன் இருந்தான். சண்டை இல்லாத நாளில் வீரனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். விடியலில் முரசு கேட்டு எழ வேண்டும். குதிரைக்குக் கொள்ளு வேகவைக்க வேண்டும். ஈட்டி முனையைத் தீட்ட வேண்டும். பிறகு ஆளுக்கொரு சட்டி பழங்கஞ்சி. அப்புறம் வெயில், ஈ, வீட்டு நினைப்பு. கொற்றனுக்கு இவை போதாதென்று, தலைப்பாகைகளுக்குச் சாயம் போடும் பொறுப்பும் இருந்தது.

சிவப்புக்குச் சாயவேர் வேண்டும். அது வரும் வழியை எதிரிகள் அடைத்துவிட்டார்கள். தலைப்பாகைகளோ வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்தன.

"நாளைக்குள்ள எல்லாத் தலையும் செவக்கணும். இல்லேன்னா உன் தலை இருக்காது" என்றார் படைத்தலைவர்.

கொற்றன் சமையல் கூடாரத்துக்கு ஓடினான். சமையல்காரரிடம் மஞ்சள் வாங்கினான். வெற்றிலை போடுகிறவர்களிடம் சுண்ணாம்பு வாங்கினான். இரண்டையும் கரைத்துத் துணிகளை முக்கி எடுத்தான். எல்லாம் பளிச்சென்று சிவந்தன. படைத்தலைவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். எதைக் கொண்டு செய்தாய் என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கஞ்சி நன்றாகப் புளித்திருந்தது. குடித்தவர்கள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். குதிரைக்காரக் கிழவர் மட்டும் தலைப்பாகையின் தொங்கலால் துடைத்தார். துடைத்த இடம் மஞ்சளாகிவிட்டது.

"மஞ்சளுக்கு மேல செவப்ப ஏத்திக்கிட்டு உள்ள வந்திருக்கான்! தம்பியோட ஒற்றன்!" என்று கூச்சல் எழுந்தது. கிழவரைச் சவுக்கால் அடித்துத் துரத்தினார்கள். புளிப்புப் பட்டதால்தான் நிறம் மாறியது என்று கொற்றனுக்கு உடனே புரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. ஆரத்தி கரைத்துப் பழகிய ஒரு பெண் அங்கே இருந்திருந்தால் அந்தச் சிவப்பின் குட்டு அன்றே உடைந்திருக்கும். பாசறையில் ஆண்கள்தானே இருந்தார்கள்!

அடுத்த நாள் பூதன் என்ற ஈட்டி வீரன் அகப்பட்டான். "கஞ்சி குடிச்சேன், வாயத் தொடச்சேன், வேற ஒண்ணும் தெரியாதுங்க" என்று சத்தியம் செய்தான். அதே படையில் இருந்த அவன் தம்பி நம்பி, படைத்தலைவர் காலைப் பிடித்துக் கதறினான். யாரும் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் பூதனை வெட்டினார்கள். கொற்றன் அன்றும் வாய் திறக்கவில்லை. சாயவேர் வந்ததும் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

மூன்றாம் நாள் ஆதன் அகப்பட்டான். ஆதன் கொற்றனோடு ஒரே கூடாரத்தில் படுப்பவன். கொற்றன் காய்ச்சலில் கிடந்தபோது தன் கஞ்சியை அவனுக்கு ஊட்டியவன். அவனை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனார்கள். கொற்றன் ஓடிப்போய் வாளுக்குக் குறுக்கே நின்றான்.

"கூட்டாளிக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றியா? அப்ப நீயும் ஒற்றன்தான்" என்றார் படைத்தலைவர்.

"ஐயா, உங்க தலைப்பாகையக் கொஞ்சம் கொடுங்க. அப்புறம் என்னையும் சேத்து வெட்டுங்க."

படைத்தலைவர் முகம் கடுத்தது. ஆனாலும் கழற்றிக் கொடுத்தார். கொற்றன் அதன் நுனியை அருகில் நின்றவனின் கஞ்சிச் சட்டியில் முக்கினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மஞ்சளாகியது.

"இப்ப யாரை வெட்டுறது, ஐயா? இது சாயவேர் இல்ல, மஞ்சளும் சுண்ணாம்பும். புளிப்புப் பட்டா நாம அவங்க நிறம். சுண்ணாம்பு பட்டா அவங்க நம்ம நிறம். தலைக்குப் பயந்து மறைச்சுட்டேன்."

படைத்தலைவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் தலைய எடுப்பேன்னு மெரட்டாம இருந்திருந்தா நீ மறைச்சிருக்க மாட்டே. போ, உன்னை மன்னிச்சேன்" என்றார். ஆதனின் கட்டை அவிழ்த்தார்கள். கிழவரைத் தேடி ஆள் அனுப்பினார்கள். சுற்றி நின்றவர்கள் கொற்றனைப் புகழ்ந்தார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு நம்பி வந்தான். அவன் கத்தவில்லை, அடிக்கவும் இல்லை.

"இதையே நேத்து சொல்லியிருந்தா எங்கண்ணன் இருந்திருப்பானே. அவன் உனக்குக் கூட்டாளி இல்லேங்கிறதாலயா சொல்லல?"

சண்டை ஓய்ந்து, இரண்டு நிறத் தலைப்பாகைகளும் அடுப்புத் துணியாகிப் போன பிறகும், காலையில் கஞ்சிச் சட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி கொற்றனுக்குக் கேட்டது.

ஆகையால், கேட்டவர்களே, தன் உயிருக்குப் பயந்து உண்மையை மறைப்பவன் அந்தப் பயத்துக்கு அடுத்தவர் உயிரை விலையாகக் கொடுக்கிறான்.